டிஆர்பி குறைந்த சீரியலை ரசிகர்கள் காப்பாற்ற முடியுமா?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனால் சாயங்காலம் பட்டாசலில் (கூடத்தில்) கால் வைக்க இடம் இருக்காது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு சொளவு (முறம்) மடியில். வெட்டிய இலையை எடுத்து, தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிக் கட்டுவது வரை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்க மாட்டார்கள். கை தன் பாட்டுக்கு ஓடும், கண் டிவியில் இருக்கும். விளம்பரம் வந்தால்தான் தலை குனியும், அதுவும் சுற்றியதை எண்ணிப் பார்க்க.

போன தடவை போயிருந்தபோது பட்டாசலில் ஒரே கொதிப்பு. அவர்கள் இரண்டு வருடமாகப் பார்த்துவந்த சீரியலை நிறுத்தப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டு மதினி செய்தி கொண்டுவந்திருந்தார்.

"ஊரே பாக்குது, எப்பிடி நிப்பாட்டுவாவ?"

"டிஆர்பி இல்லையாம்லா."

சித்தி என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீ படிச்சவதான. இந்த டிஆர்பின்னா என்னட்டி? எங்கள யாரு வந்து எண்ணுனா?"

நியாயமான கேள்வி. அன்றைக்குச் சித்திக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

"பீடிக்கடையில கூடையக் கொண்டுபோய் வச்சா, ஆயிரம் பீடியையும் ஒவ்வொண்ணா எடுத்தா பாக்காங்க?" என்று கேட்டேன். "அப்பிடிப் பாத்தா விடிஞ்சிரும். கைய விட்டு ரெண்டு கட்ட உருவிப் பாப்பாவ" என்றார். டிஆர்பியும் அதேதான். நாட்டில் உள்ள எல்லா டிவியையும் யாரும் எண்ணுவதில்லை. குறிப்பிட்ட சில வீடுகளில் ஒரு மீட்டரை வைத்து, அந்த வீட்டார் எதைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று எடுத்து, அதிலிருந்து மொத்த நாட்டுக்கும் கணக்குப் போடுகிறார்கள்.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது பார்க் (BARC) என்ற அமைப்பு. சேனல்கள், விளம்பரம் கொடுப்பவர்கள், விளம்பர ஏஜென்சிகள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து உருவாக்கியது. சேனல்காரர்கள் தங்கள் ஒலியோடு சேர்த்து, மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். டிவி பக்கத்தில் இருக்கும் மீட்டர் அதைப் பிடித்து, இந்த நேரத்தில் இந்தச் சேனல் ஓடியது என்று குறித்துக்கொள்கிறது. ஓடினால் மட்டும் போதாது, யார் பார்த்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதற்கென்று தனி ரிமோட் உண்டு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். உலை கொதிக்கிறது என்று அடுப்படிக்கு ஓடுகிற நேரத்தில் எத்தனை பேர் ஞாபகமாக அமுக்குவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம். அதன் கணக்கு அடுத்த வியாழக்கிழமை வெளியாகும். சீரியல் எடுப்பவர்களுக்கு வாராவாரம் அன்றைக்குப் பரீட்சை ரிசல்ட்.

டிஆர்பி புள்ளியை எப்படிப் போடுகிறார்கள்? நூறு பேர் இருக்கிறார்கள், சீரியல் அரை மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் முழுதாகப் பார்த்தால் புள்ளி 10. இருபது பேர் வந்து பாதியிலேயே எழுந்து போனாலும் புள்ளி 10தான். எத்தனை பேர் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் பெருக்கிச் சேர்கிறது. விளம்பரம் வந்ததும் வேறு சேனலுக்குத் தாவிவிட்டு, அங்கேயே கொஞ்சம் மயங்கிவிட்டுத் திரும்பி வருகிறவர் தனக்குப் பிடித்த சீரியலின் புள்ளியைத் தானே கிள்ளி எடுக்கிறார். சீரியலில் ஒரு ஆள் கதவைத் திறக்க மூன்று நிமிடம் ஆவதற்கும், விளம்பரத்துக்கு முன்னால் எல்லார் முகத்தையும் மின்னல் வெட்ட வெட்டக் காட்டுவதற்கும் இதுதான் காரணம். நம்மைத் தாவ விடாமல் பிடித்து வைக்க வேண்டும்.

சரி, சித்தி கேட்ட இரண்டாவது கேள்வி. எங்களை யார் எண்ணினார்கள்?

2025இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சொன்ன கணக்குப்படி நாட்டில் டிவி உள்ள வீடுகள் ஏறக்குறைய 23 கோடி. மீட்டர் இருப்பது சுமார் 58,000 வீடுகளில். வகுத்துப் பார்த்தால் சராசரியாக நாலாயிரம் வீட்டுக்கு ஒரு மீட்டர். சித்தி ஊரில் ஐந்நூறு வீடு தேறாது. அப்படி எட்டு ஊரைச் சேர்த்தால்தான் ஒரு மீட்டர், அதுவும் சராசரிக் கணக்கில்! பட்டாசலில் இருந்த ஏழெட்டுப் பேர் நாளைக்கே டிவியைத் தூக்கிப் பரணில் போட்டாலும் டிஆர்பி ஒரு நூலளவும் அசையாது. இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டாலும் அசையாது.

இதைக் கேட்டதும் பட்டாசலில் ஒரு நிமிடம் நூல் இழுக்கிற சத்தம்கூட இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். 2015 அக்டோபர் வரைக்கும் கிராமத்து வீடுகள் இந்தக் கணக்கிலேயே கிடையாது. பார்க்குக்கு முன்னால் டாம் என்ற நிறுவனம் அளந்துகொண்டிருந்தது, அதன் மீட்டர்கள் நகரங்களோடு நின்றுவிட்டன. அத்தனை வருடமும் எங்கள் ஆச்சிகளும் அத்தைகளும் சீரியல் பார்த்து அழுத அழுகைக்கு டிஆர்பி மதிப்பு பூஜ்யம்.

இவ்வளவு குறைந்த வீடுகளை வைத்துக் கணக்குப் போடுவது மோசடியா என்று கேட்டால், இல்லை. உருவிய கட்டு ஒழுங்காகக் கலந்து உருவியதாக இருந்தால் கூடையின் நிலவரம் தெரிந்துவிடும். பெரிய சேனல், பெரிய சீரியல் என்றால் இந்தக் கணக்கை நம்பலாம். ஆனால் ஒரு மாநிலத்தில், ஒரு வேளையில், சுமாராக ஓடுகிற சீரியல் என்று சுருங்கிக்கொண்டே போனால் கணக்கில் மிஞ்சும் மீட்டர்களும் சுருங்கிவிடும். அப்போது நாலு வீட்டில் கரண்ட் போனாலும் புள்ளி ஆடும். "உருவுன கட்டுல ஒண்ணு தூள் கம்மியா இருந்துட்டா மொத்தக் கூடையும் மோசம்னு சொல்லிருவாவ" என்றார் மதினி. புள்ளியியல் படித்தவர்கள் இதைச் சொல்ல இரண்டு பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். சீரியல் ரசிகர்களில் பாதிப் பேர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். சேனலுக்கு நாம் வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் வாடிக்கையாளர் சோப்புக் கம்பெனி, மசாலாப் பொடி கம்பெனி, நகைக்கடை. சேனல் அவர்களுக்கு விற்கிற சரக்கு நம் கண்கள். விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் விளம்பரம் போடலாம், அதைப் பத்துப் பத்து விநாடியாக விலை பேசுகிறார்கள். புள்ளி கூடினால் அந்தப் பத்து விநாடியின் விலை கூடும். புள்ளி இறங்கினால் விலையும் இறங்கும். சீரியல் எடுக்கிற செலவு இறங்காது. மேக்கப், கேமரா, சாப்பாடு, வாடகை வீடு எல்லாம் அதே விலைதான். ஒரு கட்டத்தில் கட்டுப்படியாகாது.

அதிலும் எந்தக் கண் என்பது முக்கியம். வீடுகளை ஏ1 முதல் இ3 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதிகம் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துப் பிரிப்பது. சாமான் பட்டியலில் பதினொன்று உண்டு. கரண்ட், மின்விசிறி, கேஸ் அடுப்பு, இருசக்கர வண்டி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார், ஏசி, விவசாய நிலம் என்று போகும். சித்தியை விரல் விட்டு எண்ணச் சொன்னேன். ஆறில் நின்றது. நிலம் அரைக்கால் காணி இருப்பதாகவும், அதில் கேஸ் நடப்பதாகவும் சொன்னார். கோர்ட் கேஸுக்குப் பட்டியலில் இடமில்லை. கார் விற்கிறவர் இந்த வீட்டின் கண்ணுக்குப் பெரிய விலை கொடுக்க மாட்டார், பாத்திரம் தேய்க்கிற சோப்பு விற்கிறவர் கொடுப்பார்.

அப்புறம் நேரம். சித்தியின் சீரியல் முதலில் சாயங்காலம் ஆறரைக்கு ஓடியது. சுற்றி முடித்த பீடியைக் கடையில் போட்டுவிட்டு, மறுநாள் இலையை வாங்கிக்கொண்டு வந்து உட்கார அதுதான் தோதான நேரம். நாலு மாதத்துக்கு முன்பு அதை மதியம் மூன்று மணிக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று மணிக்குக் கடைக்குப் போயாக வேண்டும். கடைக்குப் போகாதவர்களுக்கு அது தண்ணீர் வருகிற நேரம். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், புள்ளி குறைந்தது, புள்ளி குறைந்ததால் நிறுத்தம். நேரத்தை மாற்றியது யார் என்பதை மட்டும் எந்த அறிவிப்பிலும் சொல்வதில்லை.

இந்த வித்தை பழையது. அமெரிக்காவில் என்பிசி சேனலில் 1966இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' இரண்டாவது சீசனோடு நின்றுவிடும் என்று பேச்சு கிளம்பியது. ஜான், ப்ஜோ டிரிம்பிள் என்ற தம்பதி நாடு முழுக்க ரசிகர்களைக் கடிதம் எழுத வைத்தார்கள். இமெயில் இல்லாத காலம், எல்லாம் தபால். மூட்டை மூட்டையாகக் கடிதம் போய்க் குவிந்தது. சேனல் அலுவலகத்து வாசலில் மாணவர்கள் ஊர்வலமாகப் போனார்கள். 1968 மார்ச் 1 அன்று நிகழ்ச்சி முடிந்ததும், அடுத்த சீசன் உண்டு என்று சேனலே திரையில் அறிவித்தது. வெற்றிதான். ஆனால் அடுத்த சீசனைக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போட்டார்கள். அதைப் பார்க்கிற இளவட்டங்கள் எல்லாம் ஊர் சுற்றப் போய்விடும் நேரம். 1969இல் கடையைச் சாத்தினார்கள். சித்திக்கு நடந்தது மதியம் மூன்று மணி, அவர்களுக்கு ராத்திரி பத்து மணி. கடிதத்தால் வாங்கிய அந்த ஒரு சீசன் வீண்போகவில்லை என்பது வேறு கதை. மொத்தம் 79 அத்தியாயம் சேர்ந்ததால் உள்ளூர் நிலையங்கள் அதை வாங்கித் திரும்பத் திரும்பப் போட முடிந்தது. பெரிய கூட்டம் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. இதை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்து டிவி முன்னால் இந்தி ஒரு வார்த்தை தெரியாத கூட்டம் உட்கார்ந்து பார்த்தது என்று சித்தி சொல்வார். (கடற்கரை ஊர்க்காரர்களைக் கேட்டால், ஆன்டெனாவை உயரக் கட்டி இலங்கை ரூபவாகினி பார்த்த கதையைச் சொல்வார்கள். அது தனிக் கட்டுரைக்கு ஆகும்.) 1988 ஜூலை கடைசியில் ராமர் பட்டாபிஷேகத்தோடு முடித்துவிட்டார்கள். பஞ்சாபில் ஜலந்தரின் துப்புரவுத் தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் வால்மீகியைத் தங்கள் குலகுருவாகக் கும்பிடுகிறவர்கள். வால்மீகி சீதைக்கு அடைக்கலம் கொடுப்பதும் லவ-குசர் கதையும் வருகிற உத்தர காண்டம் இல்லாமல் எப்படி முடிக்கலாம் என்று துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். வேலைநிறுத்தம் வேறு வட இந்திய நகரங்களுக்கும் பரவியது. தெருவில் குப்பை மலை. கடைசியில் அரசு இறங்கிவந்து மேற்கொண்டு அத்தியாயங்களை எடுக்கச் சொன்னது.

அவர்கள் கையில் டிஆர்பி இல்லை, ஹேஷ்டேக் இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருந்தது அரசு, அந்த அரசுக்கு வலிக்கிற இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த கதை இதுதான். சித்திக்கும்தான். "நாம பீடி சுத்தமாட்டோம்னா?" என்று ஒருத்தி கேட்டாள். "சேனல்காரனா பீடி குடிக்கான்?" என்று இன்னொருத்தி அடக்கிவிட்டாள்.

அமெரிக்காவில் 2007இல் 'ஜெரிக்கோ' என்ற தொடரை சிபிஎஸ் சேனல் நிறுத்தியது. கடைசி அத்தியாயத்தில் ஒரு ஆள் சரணடைய மறுத்து 'நட்ஸ்' என்று சொல்வான். ரசிகர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, சேனல் அலுவலகத்துக்கு வேர்க்கடலை அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு பொட்டலம் இரண்டு பொட்டலம் என்றில்லை, இருபது டன்னுக்கு மேல். சேனல் மனம் மாறி ஏழு அத்தியாயம் கொடுத்தது. கூடவே அதன் தலைவி ரசிகர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பாருங்கள், புது ஆட்களையும் கூட்டிவாருங்கள். மறுவருடம் அந்த ஏழும் ஓடின. கூட்டம் சேரவில்லை. மறுபடி நிறுத்திவிட்டார்கள். கடலைக்கு மீட்டர் கிடையாது.

2009இல் 'சக்' என்ற தொடரின் ரசிகர்கள்தான் என் கணக்கில் கெட்டிக்காரர்கள். அவர்கள் சேனலை விட்டுவிட்டு விளம்பரதாரரைப் பிடித்தார்கள். அந்தத் தொடரில் சப்வே என்ற சாண்ட்விச் கடையின் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. சீசனின் கடைசி அத்தியாயம் ஓடிய அன்று கூட்டம் கூட்டமாகப் போய்ச் சாண்ட்விச் வாங்கி, இந்தத் தொடருக்காகத்தான் வாங்குகிறோம் என்று கடையின் கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டார்கள். அந்தக் கம்பெனியே விளம்பரதாரராகக் கூட வர, தொடர் நீடித்தது, மொத்தம் ஐந்து சீசன் ஓடியது. மீட்டர் வீடு கையில் இல்லாதவர்கள் கல்லாப்பெட்டி வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். இதை நம்மூர் அண்ணாச்சி கடையில் செய்து பார்க்கலாம். "இந்த சீரியலுக்காகத்தான் இந்த சோப்பு வாங்குதேன் அண்ணாச்சி" என்றால், "சீரியல் கெடக்கட்டும், பழைய பாக்கி எப்ப தருவிய?" என்பார்.

இப்போது இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: வேறு ஆளுக்கு விற்பது. 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற தொடரை 2018இல் ஒரு சேனல் கைவிட்டபோது, ரசிகர்கள் பணம் சேர்த்து, விமானத்தில் பேனர் கட்டி அமேசான் அலுவலகத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். அமேசான் வாங்கிக்கொண்டது. ஓடிடி வந்த பிறகு ஒரு வாசல் அடைத்தால் அடுத்த வாசலைத் தட்டலாம் என்ற நிலை வந்திருக்கிறது. ஆனால் அறுநூறு அத்தியாயம் ஓடிய தமிழ் மெகா சீரியலை அப்படித் தூக்கிக்கொண்டு போவது சுலபமில்லை. உரிமை சேனலிடம் இருக்கும், நடிகர்கள் அதற்குள் அடுத்த சீரியலில் மாமியாராகியிருப்பார்கள்.

ஹேஷ்டேக் பற்றியும் ஒரு வார்த்தை. சித்தி மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளும் இதே சீரியலின் ரசிகை, போனில் ராத்திரி படுத்துக்கொண்டு பார்ப்பவள். அவளும் தோழிகளும் இரண்டு நாள் விடாமல் ஹேஷ்டேக் போட்டார்கள். போனில் பார்ப்பது டிவி மீட்டரில் ஏறாது. அந்தக் கணக்கு ஆப் நடத்துகிறவரிடம் தனியாக இருக்கும். அதிகம் சத்தம் போடுகிறவர்கள் டிவியில் பார்ப்பதில்லை, டிவியில் பார்க்கிறவர்களுக்குச் சத்தம் போட இடமில்லை. சேனல்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

கடைசியில் சித்தி கட்சி கடிதம் எழுதுவது என்று முடிவெடுத்தது. ஒரு அஞ்சல் அட்டை 50 காசு. 36 அட்டை, 18 ரூபாய். எழுதியது நான், சொன்னது அவர்கள். "சீரியல் நல்லா இருக்கு, நிறுத்தாதீங்க" என்று மட்டும் எழுதினால் குப்பைக்குப் போகும், நீங்கள் யார், எப்போது பார்ப்பீர்கள், என்ன வாங்குவீர்கள் என்பதைச் சொல்லுங்கள் என்றேன். சித்தி சொன்னது இது: "ஐயா, நாங்கள் பீடி சுற்றும் பெண்கள். மூன்று மணிக்கு நாங்கள் கடைக்குப் போக வேண்டும். ஆறரைக்குப் போட்டால் இந்தத் தெருவில் இருபது வீடும் பார்க்கும். நடுவில் வருகிற சோப்பைத்தான் வாங்குகிறோம். அதில் நுரை வருவதில்லை, அதையும் அவர்களிடம் சொல்லவும்."

பதில் வரவில்லை. மூன்று வாரத்தில் சீரியல் முடிந்தது. இரண்டு வருடமாக விஷம் கலந்துகொண்டிருந்த நாத்தனார் ஒரே நாளில் திருந்தினாள். காணாமல் போன அண்ணன் காரணம் சொல்லாமல் வந்து நின்றான். எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சித்தி அதை ஒரு கல்யாண வீட்டில் இருந்ததால் பார்க்கவில்லை, மதினி சொல்லித்தான் தெரியும்.

போன வாரம் போனில் பேசும்போது, நம் வீட்டிலேயே ஒரு மீட்டர் வைக்கச் சொல்லி எழுதிப் போட்டால் என்ன என்று கேட்டார். அது முடியாது என்றேன். யார் வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பதே ரகசியம், கேட்கிறவருக்குக் கொடுத்தால் சேனல்காரர்களே ஆள் வைத்துக் கேட்டு வாங்கிவிடுவார்கள். 2020இல் மும்பை போலீசார் இதைத்தான் சொன்னார்கள். மீட்டர் வீடுகளுக்கு மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய் கொடுத்து, குறிப்பிட்ட சேனலை ஓடவிடச் சொன்னார்கள் என்று குற்றச்சாட்டு. அந்தக் கலவரத்தில் நிறுத்தப்பட்ட செய்திச் சேனல் ரேட்டிங் மறுபடி வெளியாக 2022 மார்ச் ஆகிவிட்டது. அதனால் அவர்களாகத் தேர்ந்தெடுத்து வந்தால்தான் உண்டு, நாமாகக் கேட்டால் தர மாட்டார்கள் என்று விளக்கினேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் புது சீரியலின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ வேண்டாம்னு எழுதிப் போட்டா வச்சிருவாவளோ?" என்றார்.